அப்பாவை எடுத்த சுவர்

மீன்சுருட்டி
சர்வசித்து வருஷம், ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அழகேசனுக்கு,

உன் அம்மா சிந்தாமணி சொல்லச் சொல்ல உன் தங்கை கமலவேணி எழுதுவது. இதை எழுதுகிற பொழுது வரைக்கும் நானும் அவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், உன் அரியமுத்து மாமா வீட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எனக்கு ஒரு மாதத்துக்கு அது போதும். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். உங்கப்பாவுக்கும் இருமலில்தான் ஆரம்பித்து இரைப்பில் கொண்டுபோய் விட்டது, அதனால் அலட்சியமாக இருக்காதே. பனியில் தலை காட்டாதே. ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி முகர்ந்து பார். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாதே, அந்த ஊரில் எல்லாரும் தினம் தலைக்கு ஊற்றிக்கொள்கிறார்கள் என்று நீயும் ஊற்றிக்கொள்ளாதே. முதலாளி வீட்டுச் சாப்பாடு காரமாக இருக்கிறது என்று எழுதினாயே, வாய்விட்டு மோர் கேள். சின்ன வயசிலிருந்தே பசித்தாலும் கேட்கமாட்டாய், உன் தங்கையும் அப்படியே இருக்கிறாள்.

இங்கே கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், மாடு இறங்கினால் வயிறு நனையாது. சண்டை முடிந்து இத்தனை நாளாகியும் மண்ணெண்ணெயும் துணியும் கூப்பனில்தான், அதற்கு ஜெயங்கொண்டம் வரைக்கும் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. செவலைப் பசு கன்று போட்டது, கிடாரிக் கன்று, மாமா வீட்டுத் தொழுவத்திலேயே நிற்கிறது. மாமாவுக்கு முழங்கால் வலி, அத்தை காத்தாயிக்கு என் மேல் கோபம், அது ஏன் என்று பின்னால் தெரியும். வேணியைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், இரண்டு பேரும் நம் வீட்டைப் பற்றிக் காதில் விழுந்ததும் அப்புறம் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். இதை எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள், எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறேன். வீடு என்ன ஆயிற்று, எப்போது கப்பல் ஏறுகிறீர்கள் என்று போன இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். வீடு கைமாறினதும் வருகிறோம் என்று சொன்னது நான்தான், சொன்ன சொல்லில்தான் இருக்கிறேன். அதைப் பற்றி வேணியே எழுதட்டும். அவள் என் கூடவே இருந்தாள். எனக்கு அதைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

அண்ணனுக்கு வேணி எழுதுவது. அம்மா காயப்போட்ட நெல்லைக் கிளறிவிடப் போய்விட்டாள். இனி நானாகத்தான் எழுத வேண்டும். நீங்கள் எதிரில் இருந்தால் இவ்வளவும் சொல்லியிருக்கமாட்டேன், காகிதம் என்பதால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின மாசியில் மாமா உங்களுக்கு எழுதியதில், அப்பா தவறிவிட்டார், அவிட்ட நட்சத்திரம், அடைப்பு என்று மட்டும்தான் இருந்ததாம். அமாவாசையை ஒட்டி ஒரு பகலில் அப்பாவுக்கு மூச்சு நின்றது. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "அடைப்புல போயிருக்காரு. வாசல் வழியா எடுத்தா அந்த வழியைப் புடிச்சுக்கிட்டு திரும்பி வந்துருவாரு. சுவத்தை இடிச்சு எடுங்க. எடுத்த கையோட அடைச்சுருங்க. ஆறு மாசத்துக்கு வூட்டைப் பூட்டிப் போடுங்க" என்றார். நடுக்கூடத்தில் சந்துப் பக்கத்துக் கிழக்குச் சுவரை ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடித்தார்கள். அந்த வழியாகத்தான் அப்பா போனார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை, நாங்கள் கூடத்திலேயே நின்றோம். அம்மா அந்த ஓட்டைக்கு நேராக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடையில் கட்டியிருந்த கீற்றின் நுனி சந்து முனையில் திரும்புகிற வரைக்கும் தெரிந்தது.

போனவர்கள் வந்ததும் விளக்கு வைப்பதற்குள் சுவரை அடைத்தாக வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். வயலுக்கு அடிப்பதற்காக அப்பா ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்த கரம்பை மண் கொல்லையில் குவித்துக் கிடந்தது. கைக்கு எட்டியது அதுதான் என்று அதைக் குழைத்து அடைத்துவிட்டார்கள். நம் வீட்டுச் சுவர் செம்மண் சுவர். கரம்பை வயலுக்கு ஆகும், சுவருக்கு ஆகாது, மழைக்கு ஊதும் வெயிலுக்குச் சுருங்கும் என்பது நம் ஊரில் மண் குழைக்கிற எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா திரும்பி வந்துவிடக் கூடாது என்பதிலேயே எல்லாருடைய நினைப்பும் இருந்தது.

ஆறு மாதம் கழித்துத் திறந்து, கழுவி, சுண்ணாம்பு அடித்து, உங்கள் சொற்படி விலைக்கு விட்டோம். நீங்கள் அனுப்பிய அதிகாரப் பத்திரம் மாமாவிடம் பத்திரமாக இருந்தது. தரகர் நல்லுசாமி, நல்ல கிணறு, ஓட்டு வீடு, மெயின் ரோட்டுக்குப் பக்கம், மார்கழிக்குள் முடித்துவிடலாம் என்று தைரியமாகச் சொன்னார். ஆனால் வெயில் ஏற ஏறக் கரம்பை சுருங்கி, அடைத்த இடத்தைச் சுற்றி விரிசல் விட்டது. ஒரு பக்கம் மேலே போய், வளைந்து, மறு பக்கம் கீழே இறங்கியது. யார் பார்த்தாலும் வாசல் ஒன்றை மூடி வைத்திருக்கிறது என்றுதான் தெரியும். மாமா ஆள் வைத்துப் பூசினார், அதே இடத்தில் அதே மாதிரி விட்டது. சாணிப்பால் அடித்தோம், மறுபடி சுண்ணாம்பு அடித்தோம். மழைக்காலத்தில் ஊதிப் புடைத்துக்கொண்டு நின்றது, அப்புறம் மறுபடி விரிசல். அப்பா உள்ளே வரத் தள்ளுகிறார் என்று தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நல்லுசாமி ஒரு கட்டிலை நிமிர்த்திச் சாத்தி மறைத்துப் பார்த்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஒரு வாத்தியாரின் சம்சாரம், "கட்டிலை ஏன் நிக்க வச்சிருக்கீங்க, படுக்க வச்சா ஒடஞ்சா போவும்?" என்று கேட்டுக்கொண்டே அதை நகர்த்திவிட்டார். நல்லுசாமி, "அது பழைய ஜன்னல்மா, காத்து அதிகம்னு அடைச்சுட்டாங்க" என்றார். அப்போது கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன், என் பக்கத்தில் நின்ற அம்மா வெளியே போய், "ஜன்னல் இல்ல தாயி. எங்க வூட்டுக்காரரை எடுத்த வழி. அடைப்பு" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா சிந்தாமணி? வூடு விக்கணுமா வேணாமா?" என்றார். அம்மா, "விக்கணும்ண்ணே. பொய் சொல்லி விக்க வேணாம்" என்றாள். அடுத்து ரஞ்சன்குடியிலிருந்து ஒருவர் வந்தார், அவரிடமும் சொன்னாள். அதற்கப்புறம் நல்லுசாமி ஆளைக் கூட்டி வரும்போதெல்லாம் எங்களைக் களத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று மாமாவிடம் சொல்லி வைத்தார். ஆனாலும் யாரும் எடுக்கவில்லை. விலையைக் குறைத்தார்கள், குறைத்ததும் இன்னும் சந்தேகப்பட்டார்கள். வருபவர்களும் குறைந்தார்கள்.

அண்ணா, அம்மா அந்த வீட்டை விற்க விடாமல் இருந்தாள் என்று அத்தை உங்களுக்கு எழுதினால் நம்பாதீர்கள். விற்கத்தான் நினைத்தாள். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் பினாங்கு எப்படி இருக்கும், வெற்றிலை கிடைக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளால் அந்தச் சுவரை விட்டு நகர முடியவில்லை. தினம் விடிந்ததும் மாமா வீட்டிலிருந்து விளக்குமாறும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவாள், நானும் கூடப் போவேன். கிழக்குச் சுவர் என்பதால் காலை வெயில் விரிசல் வழியாக உள்ளே விழும். கூடத்துத் தரையில் வெளிச்சத்தால் வாசல் வரைந்தது மாதிரி கோடாக இருக்கும். நான் மிதித்துவிட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போவாள். சுவரடியில் தண்ணீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சந்தில் காற்று திரும்பும்போது விரிசல் வழியாக ஒரு சத்தம் வரும். அப்பாவுக்கு இரைப்பு வந்தால் வரும் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். அதே மாதிரி இருக்கும். "கேக்குதா?" என்று அம்மா கேட்பாள். எனக்கும் கேட்கும். காற்று என்று தெரியும், தெரிந்தும் எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். அம்மாவுக்குப் பயமே இல்லை. "வெளியவே நிக்கிறாரு பாரு. வந்த வழி மறந்துபோச்சு. மறக்கடிச்சுட்டோமே" என்பாள். மாமா விரிசலில் வைத்துப் பூசிய மண்ணை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுப்பதையும் பார்த்தேன். நகத்துக்குள் மண் இருக்கும். கப்பல் ஏறுவதைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தபோது, "நாம போயிட்டா இவரு இந்தச் சந்துலயே நிப்பாரு வேணி, வர்றவங்க போறவங்க எல்லாம் இவரை இடிச்சுக்கிட்டு போவாங்க" என்றாள். வீடு விற்காமல் இருப்பதைவிட, விற்றுவிட்டால் அம்மாவை எப்படி அங்கிருந்து கிளப்பப் போகிறோம் என்பதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. மாமா ஊரில் இல்லாமல் அம்மா தொழுவ வேலையில் மாட்டிக்கொண்ட ஒரு நாள் நான் மட்டும் தனியாகப் போய்ப் பெருக்கிவிட்டு வந்தேன். திரும்பியதும், "ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

போன மாதம் அரியலூரிலிருந்து கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். தர்மராஜ் என்று பெயர், கடலை வியாபாரம். இந்தப் பக்கத்துக் கடலையை வாங்கிக் குவித்து வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாராம். முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டதால் எங்களை அப்புறப்படுத்த நல்லுசாமிக்கு நேரமில்லை. நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். நல்ல தொந்தி, உரக்கப் பேசுகிறவர். கூரை ஓடுகளைப் பார்த்தார், கிணற்றில் கல் போட்டுப் பார்த்தார், கூடத்துக்கு வந்து கட்டிலைத் தள்ளிவிட்டுச் சுவரில் ஒரு குத்து விட்டார். நல்லுசாமி, "அது வந்துங்க, பழைய ஜன்னலு" என்று ஆரம்பித்தார். அவர், "ஏய்யா, ஜன்னல் எங்கயாச்சும் தரையிலேருந்து கெளம்புமா? அடைப்புல எடுத்தீங்களாக்கும். எங்க மாமியாரையும் இப்படித்தான்யா எடுத்தோம். இன்னும் திரும்பி வரல, நானும் என் பொண்டாட்டியும் நிம்மதியா இருக்கோம்" என்றார். நல்லுசாமி சிரிப்பதா வேண்டாமா என்று மாமா முகத்தைப் பார்த்தார். அப்புறம் தர்மராஜ் சந்துப் பக்கம் போய் அகலம் பார்த்துவிட்டு வந்து, "நல்ல இடம். இங்கயே ஒரு கதவு வச்சுருவேன். வண்டி சந்துல நிக்கும், மூட்டைய நேரா உள்ள தள்ளலாம்" என்றார்.

அம்மா நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். "தொறக்கப் போறீங்களா?" என்றாள். "ஆமாம்மா." "தொறந்தா அவரு உள்ள வருவாரு." அவர் சிரிக்கவில்லை. "வந்தா உக்காரச் சொல்றேம்மா" என்றார். அம்மா, "உங்களை அவருக்குத் தெரியாதே. உள்ள வந்து பாத்தா எங்க ரெண்டு பேரையும் காணாம், கடலை மூட்டையாக் கெடக்கும். என்னன்னு நெனைப்பாரு?" என்று கேட்டாள். அந்தச் சமயம் பார்த்துச் சந்துக் காற்று திரும்பி அந்தச் சத்தம் வந்தது. தர்மராஜுக்கும் கேட்டது, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மா சொன்னாள்: "வூட்டைக் குடுத்துடறோம். ஆனா பத்திர எழுத்து முடியறதுக்கு முன்னாடி, எங்க வூடா இருக்கையிலயே இதைத் தொறக்கணும். நான் உள்ள இருக்கணும்." மாமா, "கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? எழுத்து முடியாத வூட்டை இடிக்கச் சொல்றியே" என்று சத்தம் போட்டார். தர்மராஜ், "இருங்க. எப்படியும் இடிக்கப் போறதுதான். ஒரு வாரம் முந்தி இடிச்சா எனக்கென்ன நட்டம்? அந்தம்மா கேக்குது, செய்யுங்க" என்று சொல்லி அப்போதே ஒத்துக்கொண்டார்.

போன வாரம் புதன்கிழமை காலையில் சந்துப் பக்கமிருந்து ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். மாமாவும் நல்லுசாமியும் அவர்களுடன் சந்தில் நின்றார்கள். கூடத்துக்குள் அம்மாவும் நானும் மட்டும். அப்பா உட்கார்கிற பலகையைத் துடைத்துப் போட்டு, பக்கத்தில் வெற்றிலையும் தண்ணீரும் வைத்திருந்தாள். அவள் மட்டும் கீழே உட்கார்ந்திருந்தாள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து குத்துதான் விழுந்தது. செம்மண்ணோடு கரம்பை ஒட்டவே இல்லை போல, அடைத்தது முழுசும் ஒரே பாளமாகப் பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. கூடம் முழுக்கத் தூசி. அதற்குள் வெயில் வந்து நின்றது. இத்தனை வெளிச்சத்தை நான் அந்தக் கூடத்தில் பார்த்ததே இல்லை. வெளியே ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அம்மா பலகையையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். அப்பா களத்திலிருந்து வரும்போது கூப்பிடுகிற அதே குரல். தூசி மெதுவாக அடங்கியது. அந்தச் சத்தம் வரவில்லை, விரிசல் இல்லாததால் இனி வராது என்று எனக்குப் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கமாக அவளை அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நான் தூணை விட்டுக் கிட்டே போனேன்.

அம்மா எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை. விழுந்து கிடந்த கரம்பைப் பாளத்தின் மேல் கால் வைத்து ஏறி, குனிந்து, அந்த ஓட்டை வழியாகச் சந்தில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "வேணி, நீ வாசல் வழியா வா" என்றாள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. சந்தில் மாமா, "சிந்தாமணி! அது பொணம் போன வழி! உள்ள போ, உள்ள போயி வாசலால வா!" என்று கத்தினார். நல்லுசாமி செருப்பை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். அம்மா சாதாரணமாகத்தான் பேசினாள், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "தெரியும்ண்ணே. அவரை ஒத்தையா இந்த வழியா அனுப்பிட்டு நாம எல்லாரும் வாசல் வழியா நடமாடிக்கிட்டு இருந்தோம். அவரு எப்படி உள்ள வருவாரு? நாமதான் வெளிய வரணும்" என்றாள். மாமா கையைப் பிடிக்க வந்தார், தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டார். அம்மா சந்து முனை வரைக்கும் நடந்து, அன்றைக்குக் கீற்று மறைந்த இடத்தில் திரும்பி, ஏரிக்கரைப் பக்கம் போனாள். நான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி, சுடுகாட்டுப் பாதை பிரிகிற புளியமரத்தடியில்தான் பிடித்தேன். அதற்கு மேல் போகவில்லை, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் தலைவிரிகோலமாக ஓடினேன் என்று அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அம்மா என்னைப் பார்த்ததும், "பசிக்குது, போலாமா" என்றாள். அப்பா போனதிலிருந்து அவள் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தை அவளை வீட்டுக்குள் விடவில்லை. பிணம் போன வழியாக வந்தவள் பிணத்துக்குச் சமம் என்று வாசலிலேயே நிறுத்தி, கட்டிய சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றி, இப்போது தொழுவத்தை ஒட்டிய அறையில் விட்டிருக்கிறாள். எனக்கும் அங்கேதான் படுக்கை. சோறு தனியாக வருகிறது. தெருவில் பெண்கள் அம்மாவைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், கூப்பிட்டால் பேயோ என்று முதல் தரம் பதில் சொல்வதில்லை, கூப்பிட்டது யார் என்று தெரிந்த பிறகும் சொல்வதில்லை. திங்கட்கிழமை உடையார்பாளையத்திலிருந்து செல்வம்மாள் பெரியம்மா வந்தார். தெருக்கோடியிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "என் கூடப் பொறந்தவளே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார். அம்மா தொழுவத்து வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு எழுந்து போய், "அக்கா, யாருக்கு அழுவுறே?" என்று கேட்டாள். பெரியம்மா, "உனக்குத்தான்டி பாவி!" என்று சொல்லிவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியம்மா வாங்காமல் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், தரையில் பாவுகிறதா என்று பார்த்தார் என நினைக்கிறேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். பெரியம்மாவும் அப்புறம் அழுதுகொண்டே சிரித்தார், ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

அதற்கிடையில் போன வெள்ளிக்கிழமை அரியலூரில் எழுத்து முடிந்தது, உங்கள் பத்திரத்தை வைத்து மாமா கையெழுத்துப் போட்டார். தர்மராஜ் சந்துப் பக்கம் தேக்குக் கதவு வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா அந்தப் பக்கம் போகவே இல்லை. விடிந்ததும் விளக்குமாறைத் தேடுவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், படுத்ததும் தூங்குகிறாள், பினாங்கில் குளிக்கக் கிணறு உண்டா என்று கேட்கிறாள். ஒன்று மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தெருவில் நடக்கும்போது முன்னெல்லாம் நடுவில் நடப்பாள். இப்போது ஓரமாக நடக்கிறாள், பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டது மாதிரி. நான் அந்த இடத்தில் போய் நடப்பதில்லை, அம்மாவுக்கு மறு பக்கம்தான் நடக்கிறேன். இப்படியே வேறு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் அத்தை எங்களை வைத்துக்கொள்ளமாட்டாள், அதை மாமா வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை. சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு உடனே தகவல் எழுதுங்கள், நாகப்பட்டினம் வரைக்கும் நான் அம்மாவைக் கூட்டி வந்துவிடுவேன். யாரிடமும் வழி கேட்க எனக்கு வாய் வராது என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்பேன்.

அம்மா நெல்லை அள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டாள். நான் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். புளியமரத்தடியில் பசிக்கிறது என்று சொன்னதை எடுத்துவிடு என்றாள், நான் எடுக்கவில்லை. இனி அம்மா சொல்வது.

மகனே, நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கை பட்டது துலங்க வேண்டும், உன் வாசலில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், இதுதான் நான் தினம் வேண்டிக்கொள்வது. முக்கியமாக ஒன்று. நம் தெருக் கண்ணையன் போன செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறியிருக்கிறான், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்து உன் கடையில் நிற்பான். ஊரில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போனவன், அம்மா போயிட்டா என்று உன்னிடம் சொன்னாலும் சொல்வான். அவன் மேல் தப்பில்லை, நல்ல பிள்ளை, சாப்பாடு போட்டு அனுப்பு. ஆனால் அவன் பேச்சைக் கேட்டு நீ தலை முழுகிவிடாதே, மொட்டை போட்டுக்கொண்டுவிடாதே. அப்படி ஏற்கெனவே முழுகியிருந்தால் பரவாயில்லை, தலையைத் துவட்டிக்கொண்டு எங்களுக்குச் சீட்டு எடு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, வேணி என் கையெழுத்தை எழுதினால் அது என்னுடையது ஆகாது என்பதால் விளக்கு மையில் விரலை வைத்து எடுத்திருக்கிறேன். சரியாகப் பதியவில்லை, அதனால் இரண்டு தரம் வைத்தேன். முதலாவது அழுந்திவிட்டது. இரண்டாவதைப் பார்.

உன் ஆசை அம்மா
சிந்தாமணி, இடது கைப் பெருவிரல்

எழுதியது: கமலவேணி